மலையகத்திலிருந்து வரலாறு படிக்கச் செல்பவருக்கு: உயர்தரம் முதல் தொழில் வரை

உயர்தரப் பெறுபேறு வெளியாகும் வாரங்களில், கலைப்பிரிவில் சித்தியடைந்த பிள்ளைகள் உள்ள வீடுகளில், அது ஹட்டனாக இருந்தாலும் பதுளையாக இருந்தாலும், ஒரே கேள்விதான் எழுகிறது: “வரலாறு படித்தால் என்ன வேலை கிடைக்கும்?” பறித்த கொழுந்தின் நிறையைப் பார்த்து அன்றைய சம்பளத்தைக் கணக்கிடும் ஒரு குடும்பம், நான்கு வருடங்கள் ஒரு பிள்ளையைப் படிக்க அனுப்புவதற்கு முன் அந்தக் கேள்வியைக் கேட்கத்தான் வேண்டும். அதற்குப் பூசி மெழுகாத பதில் இதுதான்: வரலாற்றுப் பட்டம் மருத்துவப் பட்டத்தைப் போலக் கையோடு ஒரு தொழிலைக் கொண்டுவருவதில்லை. ஆனால் ஒரு சான்றை வாசித்து, அதன் நம்பகத்தை எடைபோட்டு, கிடைத்ததை ஒழுங்காக எழுதிக் காட்டும் பயிற்சியை அது தருகிறது. அந்தப் பயிற்சியுடன் சிங்களமும் ஆங்கிலமும் சேர்ந்துகொண்டால் திறக்கும் கதவுகள் பல. மொழிகள் சேராவிட்டால் பட்டம் மட்டும் கையில் இருக்கும். இக்கட்டுரையின் ஒவ்வொரு படியிலும் மொழியைப் பற்றித் திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் அதுவே.

முதற்படி: உயர்தரத்தில் பாடங்களைத் தெரிவு செய்தல்

உயர்தரக் கலைப்பிரிவில் மூன்று பிரதான பாடங்களுக்குத் தோற்ற வேண்டும். பல்கலைக்கழக அனுமதிக்குத் தகுதி பெற, அம்மூன்றிலும் ஒரே தடவையில் குறைந்தது சாதாரண சித்தியும், உயர்தரத்தோடு சேர்ந்து நடக்கும் பொதுச் சாதாரணப் பரீட்சையில் குறைந்தது 30 புள்ளிகளும் வேண்டும். பொதுச் சாதாரணப் பரீட்சையை “அது சும்மா ஒரு பேப்பர்” என்று விட்டுவிட்டு, மூன்று பாடங்களிலும் நல்ல சித்தி பெற்றும் தகுதியிழந்த மாணவர்களை நான் கண்டிருக்கிறேன். பரீட்சைக்கு முந்தைய இரண்டு மாதங்களில் வாரத்துக்கு ஒரு கடந்தகால வினாத்தாளைச் செய்து பழகினாலே இந்த ஆபத்து நீங்கிவிடும்.

வரலாற்றை எடுப்பவர்கள் பொதுவாகத் தமிழ், புவியியல், அரசறிவியல், இந்து நாகரிகம், பொருளியல் ஆகியவற்றுள் இரண்டைச் சேர்த்துக்கொள்கிறார்கள். பல்கலைக்கழகத்தில் வரலாற்றைச் சிறப்புப் பாடமாகத் தொடர எண்ணுபவருக்கு அரசறிவியலோ புவியியலோ பெருந்துணையாக இருக்கும். காணிச் சட்டங்களையும் குடியுரிமைச் சட்டங்களையும் விளங்கிக்கொள்ள அரசறிவியல் உதவும். கோப்பி பயிரிடப்பட்ட மலைச்சரிவு எது, தேயிலை ஏறிய உயரம் எது என்று கேட்கும் இடத்தில் புவியியல் உதவும். “வரலாறு பாடமாக்கி எழுதக்கூடிய பாடம்” என்ற எண்ணத்தோடு அதைத் தெரிவு செய்ய வேண்டாம் என்பது எனது கண்டிப்பான ஆலோசனை. ஆண்டுகளைப் பாடமாக்கினால் உயர்தரத்தில் சித்தியடையலாம். பல்கலைக்கழகத்தின் முதலாவது ஒப்படையிலேயே அந்த வழி அடைபட்டுவிடும்.

இரண்டாம் படி: விண்ணப்பம்

பெறுபேறு வந்ததும் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு அவ்வாண்டுக்கான கைநூலை வெளியிட்டு, இணையவழி விண்ணப்பங்களைக் கோரும். அந்தக் கைநூலைக் கடைசிப் பக்கம் வரை நீங்களே வாசியுங்கள். பிரத்தியேக வகுப்பு ஆசிரியரோ, இரண்டு வருடங்களுக்கு முன் விண்ணப்பித்த அண்ணனோ சொல்வது இவ்வாண்டுக்குப் பொருந்தாமல் போகலாம்.

அனுமதியைத் தீர்மானிப்பது இசட் புள்ளி. ஒரு பாடத்துக்கு அவ்வாண்டு தோற்றிய அனைவரினதும் சராசரியிலிருந்து உங்கள் புள்ளி எவ்வளவு தூரம் மேலே அல்லது கீழே நிற்கிறது என்பதை அப்பாடத்தின் புள்ளிப் பரம்பலைக் கொண்டு அளப்பதே அது. ஆகவே வரலாற்றில் பெறும் 60 புள்ளியும் வேறொரு பாடத்தில் பெறும் 60 புள்ளியும் ஒரே பெறுமதி உடையவை அல்ல. வெட்டுப்புள்ளிகள் பாடநெறி வாரியாகவும் மாவட்ட வாரியாகவும் வெளியிடப்படுகின்றன. நுவரெலியா, பதுளை ஆகிய இரு மாவட்டங்களும் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களின் பட்டியலில் உள்ளன என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

விருப்ப ஒழுங்கை நிரப்பும்போது பலர் ஒரு தவறு செய்கிறார்கள். தமது இசட் புள்ளிக்கு எது கிடைக்கும் என்று ஊகித்து, அதை முதலிடத்தில் போட்டுவிடுகிறார்கள். உங்கள் புள்ளிக்கு எட்டக்கூடியவற்றுள் பட்டியலில் மேலே உள்ளதுதான் உங்களுக்கு வழங்கப்படும். ஆகவே உண்மையில் எதை அதிகம் விரும்புகிறீர்களோ அதையே முதலில் எழுதுங்கள். அவ்வாறு எழுதுவதால் கீழே உள்ளது கைநழுவிப் போகாது.

எங்கே போகலாம்? மலையகப் பிள்ளைக்கு மிக அருகில் இருப்பது பேராதனை. 1942 இல் கொழும்பில் தொடங்கிய இலங்கைப் பல்கலைக்கழகம் 1952 இல் மகாவலிக் கரைக்கு இடம்மாறியபோது உருவான வளாகம் அது. அதன் நூலகம், இந்நாட்டில் வரலாறு படிப்பவருக்குக் கிடைக்கக்கூடிய மிகச் சிறந்த இடங்களுள் ஒன்று. 1974 இல் தொடங்கிய யாழ்ப்பாண வளாகம், பின்னர் பல்கலைக்கழகமாகி, தமிழ்மொழி மூலம் வரலாறும் தொல்லியலும் கற்பிக்கும் வலுவான மரபைக் கட்டியெழுப்பியது. பேராசிரியர்களான கா. இந்திரபாலா, சி. பத்மநாதன் முதலியோரின் பெயர்கள் அம்மரபோடு சேர்ந்தவை. கல்வெட்டிலும் பண்டைய வரலாற்றிலும் ஈடுபாடு உள்ளவர் யாழ்ப்பாணத்தைத் தயங்காமல் முதலில் எழுதலாம். வந்தாறுமூலையில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் வரலாற்றுத் துறை உண்டு. பேராதனைக் கலைப்பீடம் மும்மொழிகளிலும் இயங்குவது. இருந்தாலும் குறித்த ஓர் அலகு குறித்த ஓர் ஆண்டில் தமிழில் நடைபெறுகிறதா என்பதை அங்கு படிக்கும் மாணவரிடமோ துறை அலுவலகத்திலோ கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

விண்ணப்பத்துக்கு முன்னர் செய்ய வேண்டிய ஒரு வேலை உண்டு. தோட்டப்புறக் குடும்பங்களில் பெயர் ஒவ்வோர் ஆவணத்திலும் ஒவ்வொரு விதமாக இருக்கும். பிறப்புச் சான்றிதழில் தந்தையின் பெயர் “ராமய்யா”, தேசிய அடையாள அட்டையில் “இராமையா”, பாடசாலைப் பதிவேட்டில் “ராமைய்யா” என்று இருக்கும். பதிவாளர் சிங்களத்தில் எழுதியதைப் பின்னர் யாரோ தமிழில் பெயர்த்திருப்பார்கள். எனக்கு இதே சிக்கல் வந்து, ஓர் அலுவலகத்துக்கு நான்கு தடவை ஏறி இறங்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு தடவையும் அம்மாவின் ஒரு நாள் பேர், அதாவது ஒரு நாள் சம்பளம், போனது. சாதாரண தரம் முடிந்த விடுமுறையிலேயே பிறப்புச் சான்றிதழையும் அடையாள அட்டையையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்து, பிழையிருந்தால் பிரதேச செயலகத்தின் பதிவாளர் பிரிவில் திருத்தத்துக்கு விண்ணப்பியுங்கள்.

கல்வியியற் கல்லூரியா, பல்கலைக்கழகமா?

மலையகத்தில், குறிப்பாகப் பெண் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில், இந்தக் கேள்வி ஒவ்வோர் ஆண்டும் எழுகிறது. பத்தனை ஸ்ரீபாத தேசிய கல்வியியற் கல்லூரிக்குத் தெரிவானால் மூன்று வருடங்களில் ஆசிரியர் நியமனம் என்ற நிச்சயம் இருக்கிறது. பல்கலைக்கழகம் சென்றால் மூன்று அல்லது நான்கு வருடங்களின் பின் நியமனத்துக்குக் காத்திருக்கும் நிலை வரலாம். குடும்பத்தின் வருமானம் ஒருவரையே நம்பி நிற்குமானால் கல்வியியற் கல்லூரியைத் தெரிவு செய்வதில் எந்தக் குறையும் இல்லை. ஆசிரியரான பின்னர் வெளிவாரியாகவோ திறந்த பல்கலைக்கழகத்திலோ பட்டத்தைப் பெற்றுக்கொண்டவர்கள் நம்மிடையே ஏராளம். ஆனால் குடும்பம் இன்னும் நான்கு வருடங்கள் தாங்குமானால், “பெண் பிள்ளைக்கு டீச்சர் வேலை போதும்” என்பதற்காக மட்டும் பல்கலைக்கழக அனுமதியை விட்டுவிட வேண்டாம் என்றே சொல்வேன். நூலகங்களும் ஆய்வும் வேறு மாவட்டத்து மாணவர்களோடு வாழும் அனுபவமும் அந்த வயதில் கிடைத்தால்தான் உண்டு.

பணம்

அரச பல்கலைக்கழகங்களில் இளமாணிப் பட்டத்துக்குப் பாடக்கட்டணம் கிடையாது. விடுதி, உணவு, போக்குவரத்து, நூல்கள், நிழற்படப் பிரதிகள் ஆகியவைதான் செலவு. மகாபொல புலமைப்பரிசிலுக்கும் பர்சரி என்ற உதவித்தொகைக்கும் உரிய காலத்தில் விண்ணப்பிக்க வேண்டும். இரண்டிலும் குடும்ப வருமானச் சான்று முக்கியம் என்பதால், கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தலையும் தோட்ட அலுவலகத்தின் சம்பளக் கடிதத்தையும் முன்கூட்டியே எடுத்து வையுங்கள். தோட்டத் தொழிலாளரின் பிள்ளைகளுக்கென இந்திய உயர்ஸ்தானிகராலயத்தின் ஊடாக வழங்கப்படும் இலங்கைத் தோட்டத் தொழிலாளர் கல்வி நம்பிக்கை நிதியப் புலமைப்பரிசில் பற்றிப் பலருக்குத் தெரியாது. பத்திரிகை அறிவித்தலைக் கவனித்திருங்கள். முதல் தவணைப் பணம் கைக்கு வரச் சில மாதங்கள் செல்லும் என்பதால், ஆரம்ப மாதங்களுக்கான செலவை வீட்டில் முன்னரே பேசி ஒதுக்கிக்கொள்ள வேண்டும்.

மூன்றாம் படி: முதலாம் வருடம்

பரீட்சைக்கும் பல்கலைக்கழகம் தொடங்குவதற்கும் இடையில் நீண்ட இடைவெளி இருக்கும். அந்த மாதங்களைக் கொழும்பில் கடை வேலைக்குப் போய்க் கழிப்பவர்கள் பலர். அதைக் குறைசொல்ல முடியாது, ஏனென்றால் விடுதிச் செலவுக்கான பணம் அங்கிருந்துதான் வருகிறது. ஆனால் எங்கே இருந்தாலும் நாளுக்கு ஒரு மணித்தியாலம் ஆங்கில வாசிப்புக்கு ஒதுக்குங்கள்.

முதலாம் வருடத்தில் பொதுவாக மூன்று பாடங்களைப் படிப்பீர்கள். மூன்று வருடப் பொதுக்கலைப் பட்டம் 90 திறமைப்புள்ளிகளையும், நான்கு வருடச் சிறப்புக்கலைப் பட்டம் 120 திறமைப்புள்ளிகளையும் கொண்டவை. வரலாற்றைச் சிறப்பாகப் படிக்கும் வாய்ப்பு முதலாம் வருடப் பெறுபேற்றைப் பொறுத்தே அமைகிறது. “முதல் வருடம் பழகுவதற்கு, இரண்டாம் வருடத்திலிருந்து படிக்கலாம்” என்று எண்ணுபவர் அந்த வாய்ப்பைத் தொடக்கத்திலேயே இழக்கிறார். பெரும்பாலான பீடங்களில் பரீட்சைக்குத் தோற்ற 80 வீத வரவு வேண்டும். தீபாவளிக்கும் தோட்டத் திருவிழாவுக்கும் வீட்டுக்கு வந்து மேலும் ஒரு வாரம் தங்கிவிடும் பழக்கம் இங்கே ஆபத்தானது.

பகிடிவதை பற்றியும் ஒரு வார்த்தை. 1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டத்தின்படி அது தண்டனைக்குரிய குற்றம். சிரேஷ்ட மாணவர்களின் உதவியை நாடுங்கள், அவர்களுக்கு மரியாதை கொடுங்கள். ஆனால் அவமானத்தையும் அடியையும் “எல்லாரும் பட்டதுதானே” என்று சகித்துக்கொள்ள வேண்டியதில்லை. விடுதிப் பொறுப்பாளரிடமும் மாணவர் ஆலோசகரிடமும் முறையிடும் உரிமை உங்களுக்கு உண்டு.

நான்காம் படி: மொழி

வரலாற்று மாணவருக்கு மொழியே கருவி. இலங்கையின் கடந்த 200 ஆண்டுகளைப் படிக்கப் புகுபவர் முன்னால் இருக்கும் நிர்வாக ஆவணங்கள் மிகப் பெரும்பாலும் ஆங்கிலத்தில் உள்ளவை. மலைநாட்டுக் காணிகளையும் கண்டி இராச்சியத்தையும் ஆராயச் சிங்களம் வேண்டும். ஒல்லாந்தர் காலத்துக்குள் இறங்குபவர் டச்சு மொழியே கற்க நேரும். தமிழ் மட்டும் தெரிந்தவர், பிறர் வாசித்துச் சொன்னதை நம்பியே எழுத வேண்டியிருக்கும்.

இங்கே மலையகப் பிள்ளைக்கு ஒரு பெரிய அனுகூலம் இருக்கிறது. நகரத்துக் கடையிலும் பஸ்ஸிலும் ஆஸ்பத்திரியிலும் சிறுவயதிலிருந்தே சிங்களம் காதில் விழுந்து, பேச்சு ஓரளவு பழகியிருக்கும். இல்லாதது எழுத்து. பேசத் தெரிந்த ஒருவர் எழுத்துகளை வாசிக்கப் பழகச் சில மாதங்கள் போதும். முதலில் பஸ் பெயர்ப்பலகை, பின்னர் பத்திரிகைத் தலைப்பு, அதன்பின் சிங்களமொழி மூலப் பாடநூல் என்று ஏறலாம். ஆங்கிலத்துக்கு என்னுடைய முறை இதுதான்: விரிவுரையாளர் தரும் வாசிப்புப் பட்டியலிலிருந்து வாரத்துக்கு ஓர் ஆங்கிலக் கட்டுரையை எடுத்து, ஒவ்வொரு பந்தியின் ஓரத்திலும் அதன் கருத்தைத் தமிழில் ஒரே வாக்கியமாக எழுதிக்கொள்ள வேண்டும். முதல் கட்டுரைக்கு எனக்கு ஆறு நாட்கள் சென்றன. இரண்டாம் வருட இறுதியில் ஒரு மாலையில் முடிந்தது.

ஐந்தாம் படி: சான்றுகளோடு பழகுதல்

வரலாற்றுக் கல்வியின் சாரம் இங்கேதான் இருக்கிறது. நாடளாவிய முதலாவது குடிசன மதிப்பீடு 1871 இல் எடுக்கப்பட்டது. 1901 ஆம் ஆண்டின் கணக்கில் தமிழர் ஒரே தொகுதியாக எண்ணப்பட்டார்கள். 1911 இல் “இலங்கைத் தமிழர்”, “இந்தியத் தமிழர்” என்று இரு நிரல்கள் தோன்றுகின்றன. புதிய மாணவர் ஒருவர் இவ்விரு அட்டவணைகளையும் அடுத்தடுத்து வைத்தால், பத்தே ஆண்டுகளில் ஒரு புதிய சமூகம் முளைத்துவிட்டது போலத் தோன்றும். உண்மையில் மாறியது எண்ணும் முறை. யார் எண்ணினார்கள், எதற்காகப் பிரித்தார்கள், பிரிக்கப்பட்டவர்களிடம் கேட்டார்களா என்ற கேள்விகளை அந்த அட்டவணையிடம் கேட்கத் தொடங்கும்போதுதான் ஒருவர் வரலாற்று மாணவராகிறார். அந்தப் பிரிப்பு பின்னர், மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கிய 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தில் எவ்வளவு பெரிய விளைவைத் தந்தது என்பதை நம்மவருக்குச் சொல்லத் தேவையில்லை.

அடுத்து வாய்மொழிச் சான்று. நம்முடைய பாட்டிமார் ஆண்டைச் சொல்ல மாட்டார்கள். “பாண் கியூவில நின்ன காலத்தில”, “அண்ணன் கப்பலேறின வருசம்” என்றுதான் சொல்வார்கள். முதலாவது, 1973, 1974 ஆம் ஆண்டுகளின் உணவுத் தட்டுப்பாட்டைச் சுட்டும். அக்காலத்தில் தோட்டங்களில் இறப்பு வீதம் உயர்ந்ததை அரச புள்ளிவிபரங்களும் காட்டுகின்றன. இரண்டாவது, 1964 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாத இலங்கை–இந்திய (சிறிமா–சாஸ்திரி) ஒப்பந்தத்தின் கீழ் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டதைச் சுட்டும். அந்த ஒப்பந்தத்தில் 525,000 பேரை இந்தியாவும் 300,000 பேரை இலங்கையும் ஏற்பதென முடிவாகி, எஞ்சிய 150,000 பேரின் விடயம் பிற்போடப்பட்டு, 1974 இல் சரிபாதியாகப் பிரித்துக்கொள்ளப்பட்டது. பாட்டி சொன்னதை அப்படியே நம்பிவிடுவதும், “வயசாளி பேச்சு” என்று தள்ளிவிடுவதும் சமமான தவறுகள். அவர் சொன்னதை அவருடைய சொற்களிலேயே பதிவு செய்து, பின்னர் வீட்டுத் தகரப்பெட்டியில் உள்ள ஆவணங்களோடு ஒப்பிட வேண்டும்.

அந்தத் தகரப்பெட்டியைத் திறந்து பாருங்கள். எங்கள் வீட்டில் ஒரு பழைய பிஸ்கட் டின்னுக்குள், ஈரம் பட்டு மடிப்புகளில் கிழிந்த ஒரு குடியுரிமைச் சான்றிதழ் கிடந்தது. தாத்தாவின் பெயர், அவருடைய தந்தையின் பெயர், தோட்டத்தின் ஆங்கிலப் பெயர், ஓர் இலக்கம், ஒரு திகதி. அந்தத் திகதிக்கும் தாத்தா விண்ணப்பித்ததாகச் சொன்ன காலத்துக்கும் இடையில் பத்து வருடங்களுக்கு மேல் இருந்தது. அந்த வருடங்களில் அவர் எந்த நாட்டின் குடிமகன் என்று கேட்டபோதுதான், வரலாறு என்பது மன்னர் பட்டியல் அல்ல என்பது எனக்குச் சொந்த அனுபவமாகப் புரிந்தது. இத்தகைய ஆவணங்களை ஒட்டுநாடா போட்டு ஒட்டாதீர்கள், லெமினேட் செய்யாதீர்கள். நல்ல வெளிச்சத்தில் இருபக்கமும் படமெடுத்து, உலர்ந்த காகித உறையில் வைத்தால் போதும்.

வீட்டுக்கு வெளியே, கொழும்பில் உள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்தில் அரசாங்க அதிபர்களின் நாட்குறிப்புகளும் வருடாந்த நிர்வாக அறிக்கைகளும் பழைய பத்திரிகைகளும் இருக்கின்றன. துறைத் தலைவரின் கடிதத்தோடும் அடையாள அட்டையோடும் செல்லுங்கள். பேனாவை விட்டுவிட்டுப் பென்சில் கொண்டுபோங்கள். முதல் நாளில் எதுவும் கிடைக்காமல் திரும்ப நேரலாம். சுட்டிகளை வாசிக்கப் பழகவே இரண்டு மூன்று நாட்கள் செல்லும். அந்த நாட்குறிப்புகளில் நம்முடைய முன்னோர் “கூலிகள்” என்ற சொல்லில், பெயரின்றி, எண்ணிக்கையாக மட்டும் வருவார்கள். வாசிக்கும்போது வலிக்கும். எழுதியவர் யார், யாருக்காக எழுதினார், எதைக் காணாமல் விட்டார் என்று கேட்டுக்கொண்டு வாசிப்பதுதான் அங்கே நம்முடைய வேலை. அருகில் செல்ல விரும்புபவர் கண்டிக்குப் பக்கத்தில் ஹந்தானையில் உள்ள தேயிலை நூதனசாலையையும், கம்பளைக்கு அருகே பழைய லயத்தில் (தொழிலாளரின் வரிசை வீடுகளில்) அமைந்த தோட்டத் தொழிலாளர் நூதனசாலையையும் பார்க்கலாம். முன்னையதில் இயந்திரங்களும் தோட்டத் துரைமாரின் கதையும், பின்னையதில் தொழிலாளரின் பாத்திரங்களும் கருவிகளும் வாழ்க்கையும் கிடைக்கும். இரண்டையும் ஒரே வாரத்தில் பார்த்து, ஒரே தேயிலையை இரு இடங்கள் எப்படிச் சொல்கின்றன என்று இரண்டு பக்கம் எழுதிப் பாருங்கள். கையில் பஸ் காசு இல்லாத நாட்களில் ‘நூலகம்’ என்ற பெயரில் இணையத்தில் உள்ள எண்ணிம நூலகத்தில் தமிழ் நூல்களையும் இதழ்களையும் இலவசமாக வாசிக்கலாம்.

ஆறாம் படி: ஆய்வேடு

சிறப்புக்கலை மாணவர் இறுதி வருடத்தில் ஆய்வேடு எழுத வேண்டும். “மலையக மக்களின் வரலாறு” என்று தலைப்பிட்டு வருபவரிடம் எந்த மேற்பார்வையாளரும் அதைச் சுருக்கச் சொல்வார். 1940 இல் தோட்டத் தொழிலாளி கோவிந்தன் சுட்டுக்கொல்லப்பட்ட முல்லோயா வேலைநிறுத்தத்தை அக்காலத் தமிழ், ஆங்கிலப் பத்திரிகைகள் எவ்வாறு வேறுவேறாக எழுதின என்பது ஒரு தலைப்பு. 1970களில் தோட்டப் பாடசாலைகள் அரசிடம் கையளிக்கப்பட்டபோது ஒரு குறிப்பிட்ட பாடசாலையின் வரவுப் பதிவேட்டில் என்ன மாறியது என்பது இன்னொன்று. 1869 இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தபோது ஒரு மாவட்டத்தின் காணிகளும் கூலி வரவும் எவ்வாறு மாறின என்பதும் செய்யத்தக்கதே. தலைப்பை முடிவு செய்வதற்கு முன், அதற்கான சான்று எங்கே இருக்கிறது, அதை வாசிக்க எனக்கு மொழி இருக்கிறதா, பஸ்ஸில் போய்வரும் தூரத்தில் இருக்கிறதா என்ற மூன்றையும் பார்த்துக்கொள்ளுங்கள். தோட்ட அலுவலகத்தின் பழைய செக்ரோல் (தொழிலாளரின் வேலைநாள், சம்பளப் பதிவு) புத்தகங்களைப் பார்க்க விரும்பினால், முகாமையாளருக்குப் பல்கலைக்கழகக் கடிதத்தோடு எழுத்தில் கேளுங்கள். சில இடங்களில் மறுப்பார்கள், சில இடங்களில் அவற்றைக் கறையான் முன்பே தின்றிருக்கும். ஆகவே இரண்டாவதாக ஒரு தலைப்பும் கைவசம் இருக்க வேண்டும்.

ஏழாம் படி: தொழில்

வரலாற்றுப் பட்டதாரிகளில் அதிகமானோர் செல்வது ஆசிரியத் தொழிலுக்கே. வரலாறு சாதாரண தரத்தில் கட்டாய பாடம் என்பதால் தேவை எப்போதும் இருக்கிறது. ஆயினும் பட்டதாரி நியமனங்கள் ஆண்டுதோறும் ஒழுங்காக வருவதில்லை, அலையலையாகவே வருகின்றன. வர்த்தமானியையும் மாகாண சபையின் அறிவித்தல்களையும் வாராவாரம் பார்க்க வேண்டும். காத்திருக்கும் காலத்தில் பட்டப்பின் கல்வி டிப்ளோமாவைத் தொடங்குவது பிற்பாடு சம்பள உயர்வுக்கும் பதவி உயர்வுக்கும் உதவும்.

நிர்வாக சேவை, கல்வி நிர்வாக சேவை, வெளிநாட்டுச் சேவை ஆகியவற்றுக்கான போட்டிப் பரீட்சைகளுக்கு எந்தத் துறைப் பட்டதாரியும் தோற்றலாம். இவற்றில் வரலாற்று மாணவருக்கு ஓர் இயல்பான பலம் உண்டு, ஏனெனில் நீண்ட அறிக்கையை வாசித்துச் சுருக்குவதும், ஒரு பிரச்சினையின் காரணங்களை ஒழுங்குபடுத்துவதும் அவர் நான்கு வருடங்கள் செய்துவந்த வேலை. வயதெல்லை கண்டிப்பானது என்பதால் இறுதி வருடத்திலேயே கடந்தகால வினாத்தாள்களைத் தொடங்குங்கள். நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் இருமொழி நிர்வாகப் பிரிவுகளாகப் பிரகடனப்படுத்தப்பட்ட பிரதேச செயலகங்கள் உள்ளன. அங்கே தமிழிலும் சிங்களத்திலும் கடிதம் எழுதத் தெரிந்த உத்தியோகத்தருக்கு எவ்வளவு தட்டுப்பாடு என்பது, கையில் படிவத்தோடு வரிசையில் நின்ற ஒவ்வொருவருக்கும் தெரியும். மொழிபெயர்ப்பாளர் பதவிகளும் இதே காரணத்தால் மலையக இளைஞர் தவறவிடக் கூடாதவை.

தொல்பொருளியல் திணைக்களம், தேசிய நூதனசாலைகள் திணைக்களம், மத்திய கலாசார நிதியம், சுவடிகள் திணைக்களம் ஆகியவை நேரடியாகத் துறை சார்ந்தவை. பதவிகள் குறைவு, ஆனால் தமிழ் ஆவணங்களையும் கல்வெட்டுகளையும் வாசிக்கத் தெரிந்தவர் அங்கே இன்னும் குறைவு. இதை விரும்புபவர் மூன்று பாடங்களுள் ஒன்றாகத் தொல்லியலையும் எடுத்து, விடுமுறைகளில் அகழ்வாய்வுக் களங்களில் பங்கெடுக்க வேண்டும். நூலகத்துறையும் இதழியலும் மேலதிக டிப்ளோமா ஒன்றோடு எட்டக்கூடியவை. சுற்றுலா வழிகாட்டித் தொழிலைப் பற்றி நம்மவர்கள் போதிய அளவு யோசிப்பதில்லை. எல்ல, ஹப்புத்தளை, நுவரெலியா என்று உலகம் நம் வாசலுக்கு வருகிறது. இலங்கை சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபையின் பயிற்சியையும் அனுமதிப்பத்திரத்தையும் பெற்ற ஒருவர், 1867 இல் லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்டதைச் சொல்லும் அதே வாயால், தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்து வந்த நம் முன்னோரின் கதையையும் சொல்ல முடியும். இன்று பெரும்பாலான பயணிகள் முதற்பாதியை மட்டும் கேட்டுத் திரும்புகிறார்கள்.

மேற்படிப்பை நாடுபவருக்குப் பேராதனையின் மனிதப்பண்பியல், சமூக விஞ்ஞானப் பட்டப்பின் படிப்பு நிறுவகமும், களனிப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த தொல்லியல் பட்டப்பின் படிப்பு நிறுவகமும், இந்திய அரசின் புலமைப்பரிசில்களும் உண்டு. விரிவுரையாளராக விரும்பினால் முதல் வகுப்பு அல்லது இரண்டாம் வகுப்பு மேற்பிரிவுச் சித்தியும், ஆங்கிலத்தில் எழுதும் ஆற்றலும் இன்றியமையாதவை.

பெறுபேறு வந்தபின் செய்யவேண்டியது ஒன்று உண்டு. பட்டமளிப்பு விழா வரை காத்திராமல், பரீட்சைப் பிரிவில் விண்ணப்பித்து, பட்டம் வலுப்பெறும் திகதி குறிக்கப்பட்ட கடிதத்தையும் பாடவாரியான பெறுபேற்று விபரத்தையும் உடனே பெற்றுக்கொள்ளுங்கள். அரச பதவிகளுக்கான அறிவித்தல்களில் விண்ணப்ப முடிவுத் திகதிக்கு முன் பட்டம் வலுப்பெற்றிருக்க வேண்டும் என்ற நிபந்தனை பெரும்பாலும் இருக்கும். அந்தக் கடிதம் கையில் இல்லாததால் ஒரு நியமன அலையைத் தவறவிட்டு, அடுத்ததற்காக வருடக்கணக்கில் காத்திருந்தவர்கள் இருக்கிறார்கள். மூலப்பிரதிகளை உறையிலிட்டு வீட்டில் வைத்துவிட்டு, சான்றுப்படுத்திய பிரதிகள் ஐந்தைக் கோப்பொன்றில் போட்டு எப்போதும் தயாராக வைத்திருங்கள்.